காலையில் எழ மறுக்கும் 14 வயது மகன்: சோம்பேறித்தனமா?

"ராத்திரி 12 மணி வரை முழித்திருக்கிறான், காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான்" என்று கேட்டிருக்கிறீர்கள். சோம்பேறித்தனம் இல்லைங்க. பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பதே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலை டியூஷன் என்றால் எங்கிருந்து கிடைக்கும்? முடிந்தால் மாலைக்கு மாற்றுங்கள். இரவில் போனை ஹாலில் சார்ஜ் போடட்டும், உங்கள் போனும் அங்கேயே இருக்கட்டும். வாரக்கணக்கில் சாப்பாடும் இறங்காமல் யாரோடும் பேசாமல் இருந்தால் அது வேறு, மருத்துவரிடம் காட்டுங்கள்.

என் மகளிடம் காலையில் எதுவும் பேச மாட்டேன், ஜன்னலை மட்டும் திறந்துவிடுவேன். பேச்செல்லாம் ராத்திரி தோசை சுடும்போதுதான். கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், முகம் பார்த்துச் சொல்லாததையெல்லாம் சொல்லிவிடுவாள்.