வலை எந்தப் பக்கம் இருக்கிறது? பாய்ப்படகுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

சோழமண்டலக் கரையில் பாய்ப்படகு ஓட்டுகிறவர்களுக்குக் கப்பல்களைவிட மீன்பிடிப் படகுகளும் வலைகளும்தான் பெரிய தலைவலி. கப்பல் போகும் பாதை ஓரளவு தெரிந்ததே, வலை அப்படியல்ல. வந்த கேள்விகளில் பல சென்னை-புதுச்சேரி ஓட்டத்தைப் பற்றியவை. ஒன்றிரண்டு வேறு பக்கத்திலிருந்தும் வந்திருக்கின்றன.

கேள்வி: பாய் விரித்துப் போகிற படகுக்கு இயந்திரப் படகு வழிவிட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். அப்படியானால் விசைப்படகும் நமக்கு வழிவிட வேண்டும்தானே சார்? (அடையாறு)

அது துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தால், ஆமாம். மீன் பிடித்துக்கொண்டிருந்தால் இல்லை. 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 18-ஆவது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்ப்படகு விலகிப் போக வேண்டும். ‘மீன் பிடித்துக்கொண்டிருக்கும்’ என்பதற்கும் அதே விதித்தொகுப்பில் வரையறை உண்டு. வலையோ மடியோ (படகு பின்னால் இழுத்துப் போகும் பை போன்ற வலை) தூண்டில் கயிறோ தண்ணீரில் இருந்து, அதனால் படகு விருப்பப்படி திரும்ப முடியாமல் இருக்க வேண்டும். ஓடிக்கொண்டே ஒன்றிரண்டு தூண்டில்களைப் பின்னால் இழுத்துப் போகிற படகுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆனால் திரும்பி வரும் விசைப்படகு வழிவிடும் என்று நம்பி நேராகப் போகாதீர்கள். பல நாள் தூக்கமில்லாமல் வருகிறார்கள். மேல்தளத்தில் எல்லோரும் மீன் பிரித்துக்கொண்டிருப்பார்கள், சுக்கானில் இருப்பவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் சீக்கிரமாக, அவருக்குத் தெரியும்படி பெரிதாகத் திரும்பி விலகிவிடுங்கள்.

கேள்வி: மடி இழுக்கிறதா, சும்மா ஓடுகிறதா என்று தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? (திருவான்மியூர்)

விதிப்படி பகலில் முனைகள் ஒட்டிய இரண்டு கறுப்புக் கூம்புகளை மேலே தொங்கவிட வேண்டும். நம் கரையில் அதை எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் வாழ்நாள் போய்விடும். வேறு அடையாளங்களைப் பாருங்கள்.

முதலில் வேகம். மடி இழுக்கும் படகு இரண்டரை, மூன்று நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில்தான் நகரும். ஆனால் இன்ஜின் முழு மூச்சாக உறுமும், புகையும் அதிகமாக வரும். அடுத்தது, மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் இரண்டு பலகைகள். அவை படகின் பின்புறம் தொங்கிக்கொண்டிருந்தால் மடி படகுக்குள் இருக்கிறது. பலகைகளைக் காணோம், பின்னாலிருந்து இரண்டு இரும்புக் கயிறுகள் விறைப்பாகத் தண்ணீருக்குள் இறங்குகின்றன என்றால் இழுவை நடக்கிறது. படகு ஏறக்குறைய நின்றுபோய், பின்னால் பறவைகள் கூட்டமாகச் சுற்றினால் மடியை ஏற்றுகிறார்கள். அந்த நேரத்தில் அது எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கயிற்றின் நீளம் பெரும்பாலும் ஆழத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு இருக்கும். 30 மீட்டர் ஆழத்தில் இழுத்தால் 90 முதல் 150 மீட்டர் கயிறு, அதற்குப் பின்னால் மடி. கடலடியை ஒட்டி இழுக்கும் அடிமடியாக இருந்தால் கயிறு சீக்கிரமே ஆழத்துக்குப் போய்விடும். எனவே பின்புறமாகக் கடக்கலாம், குறைந்தது கால் கடல் மைல் விட்டு. முன்னால் குறுக்கே போவதுதான் ஆபத்து. காற்று விழுந்துவிட்டால் அதன் மூக்குக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பீர்கள்.

சுருக்குமடி வேறு கதை. வட்டமாக வலையை விட்டுச் சுருக்குவார்கள். பெரிய படகுக்கும் கூட நிற்கும் சின்னப் படகுக்கும் நடுவே மட்டும் புகுந்துவிடாதீர்கள். தமிழ்நாட்டுக் கடல் எல்லைக்குள் இது தடைசெய்யப்பட்டது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவு, 12 கடல் மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை அனுமதித்தது. வெளியே ஓடுகிறவர்கள் அந்த இரண்டு கிழமைகளை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அண்ணா, எனக்கு விசைப்படகு பயமில்லை, ஃபைபர் படகுகள்தான் பயம். ஒரு ஆள் கை ஆட்டுகிறார். போ என்கிறாரா, வராதே என்கிறாரா? (கோவளம்)

நல்ல கேள்வி தம்பி. பெரும்பாலும் இரண்டும்தான்: ‘இந்தப் பக்கம் வராதே, அந்தப் பக்கம் போ.’ கையை மட்டும் பார்க்காமல் அது எந்தத் திசையில் வீசப்படுகிறது என்று பாருங்கள். அவர் கையையோ துண்டையோ எந்தப் பக்கம் தள்ளுகிற மாதிரி வீசுகிறாரோ அந்தப் பக்கம் வலை இல்லை. புரியவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, குரல் எட்டும் தூரம் வரை மெதுவாகப் போய், “வலை எந்தப் பக்கம்ணே?” என்று கேளுங்கள். தமிழ் பேசும் கடலில் ஓடுகிறோம், அந்த வசதியை ஏன் விட வேண்டும்? பழவேற்காட்டைத் தாண்டி வடக்கே போகிறவர்கள் தெலுங்கில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள்.

யாரையும் கேட்காமலேயே ஊகிக்கவும் வழி உண்டு. மிதந்து போகும் செவுள் வலையை விட்டுவிட்டு அதன் ஒரு நுனியில் படகைக் கட்டிப்போட்டிருப்பார்கள். வலையைவிடப் படகைக் காற்று அதிகமாகத் தள்ளும். அதனால் படகு காற்றுக்குக் கீழே, அதாவது காற்று தள்ளும் பக்கத்தில், அணியம் (முன்முனை) காற்றைப் பார்த்தபடி கிடக்கும். வலை அணியத்திலிருந்து காற்று வரும் பக்கமாக நீளும். ஆகவே படகின் அமரத்து (பின்முனை) பக்கமாக, காற்றுக்குக் கீழே சுற்றிப் போவது நல்லது. நீரோட்டம் பலமாக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். வலையின் மறுநுனியில் மூங்கில் கொடியோ, தெர்மகோலோ, பிளாஸ்டிக் கேனோ, இரவில் மினுக்கும் சின்ன விளக்கோ இருக்கும். அதைத் தேடிப் பிடிக்கும்வரை படகுக்கும் கொடிக்கும் நடுவே போகாதீர்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் வலைகளும் உண்டு.

இன்னொன்று, முன்பாயைத் தாழ விரித்திருந்தால் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் உங்களுக்குப் பாதிக் கடல் தெரியாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை குனிந்து பாயின் அடியில் பாருங்கள். நான் பார்த்தவரை வலையில் ஏறிய பலரும் அந்தப் பக்கத்தைப் பார்க்காதவர்கள்தான்.

கேள்வி: இரவில் எந்த விளக்கு என்ன சொல்கிறது? (புதுச்சேரி)

மேலே பச்சை, கீழே வெள்ளை என்றால் மடி இழுக்கிறார்கள். மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்றால் வேறு வகை மீன்பிடிப்பு. இந்த இரண்டாவது வகையில் வலை 150 மீட்டருக்கு மேல் கிடைமட்டமாக நீண்டிருந்தால், வலை இருக்கும் திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு வைக்க வேண்டும். படகு நகர்ந்துகொண்டிருந்தால் பக்க விளக்குகளும் எரியும்.

இது விதி. நடைமுறையில் தளத்தில் எரியும் பெரிய வெள்ளை விளக்குகள் மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். எனவே நிறத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல் திசைகாட்டியை எடுங்கள். அந்த வெளிச்சம் எத்தனை பாகையில் தெரிகிறது என்று குறித்து, இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பாகை மாறாமல் வெளிச்சம் மட்டும் பெரிதாகிறது என்றால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள்.

சென்னையிலிருந்து புதுச்சேரி சுமார் 75 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் 15 மணி நேரம், அதாவது எப்படிப் போனாலும் கொஞ்சம் இருட்டு உண்டு. இருட்டுப் பகுதியைக் கரையிலிருந்து 12, 15 மைல் வெளியே வைத்துக்கொள்வது என் வழக்கம். அங்கே விசைப்படகும் கப்பலும் இருக்கும், ஆனால் அவற்றுக்கு வெளிச்சம் உண்டு. வெளிச்சம் இல்லாத வலைகள் கரையோரத்தில்தான் அதிகம்.

கேள்வி: நான் மீனவர் வீட்டுப் பையன். எங்கள் அப்பாவின் வலையை ஒரு பாய்ப்படகு அறுத்துவிட்டு நிற்காமல் போனது. உங்கள் ஆட்களுக்கு என்ன சொல்வீர்கள் ஐயா? (மாமல்லபுரம் பக்கம்)

நிற்காமல் போனது தப்பு, அதில் விவாதமே இல்லை. வலைக்கு வாங்கிய கடனைக் கட்டவேண்டியவர் உங்கள் அப்பா. வலையில் ஏறிவிட்டால் நின்று, படகின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்து, கரைக்கு வந்ததும் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்ப்பதுதான் முறை. பாய்ப்படகுக்காரர்கள் சிலர் சண்டைக்குப் பயந்து ஓடுகிறார்கள். ஓடினால்தான் சண்டை வரும். உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: வலையின் மறுநுனிக்கு மினுக்கு விளக்கும், கண்ணில் படுகிற நிறத்தில் கொடியும் போடச் சொல்லுங்கள். கறுப்புக் கேன் எங்களுக்கு நிஜமாகவே தெரியாது.

கேள்வி: சரி, மாட்டிக்கொண்டேன். அடுத்த நிமிடம் என்ன செய்வது? (ராயபுரம்)

பாய்களை உடனே இறக்குங்கள். இன்ஜின் ஓடினால் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். பின்னால் எடுத்து விடுவித்துக்கொள்ளலாம் என்று ரிவர்ஸ் போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் அடிக்கட்டையில் (படகின் அடியில் நீளும் கட்டை) மட்டும் இருந்த வலை இன்ஜின் விசிறியிலும் சுற்றிக்கொள்ளும், வேலை பத்து மடங்காகும்.

பிறகு எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். மேல்கயிறு அடிக்கட்டையில் இருந்தால், கொக்கிக்கழியால் அதை அழுத்தி ஆழத்துக்குத் தள்ளினாலே பல நேரம் நழுவிவிடும். வலைக்காரர் பக்கத்தில் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள், நம்மைவிட அவருக்குத் தன் வலை நன்றாகத் தெரியும். அவர் ஒரு நுனியைத் தளர்த்தினால் போதும். தண்ணீரில் இறங்குவது கடல் அமைதியாக இருந்தால் மட்டும்: பகலில், இடுப்பில் கயிறு கட்டி, இன்ஜின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு. வெட்டுவது கடைசி வழி. வெட்ட வேண்டி வந்தால் கயிற்றை ஒரே இடத்தில் வெட்டி, இரண்டு நுனிகளையும் மறுபடி முடிந்து விடுங்கள்.

கேள்வி: ஏஐஎஸ் (கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் கருவி) திரையில் எதுவும் இல்லையென்றால் கடல் காலி என்று எடுத்துக்கொள்ளலாமா? (வேளச்சேரி)

கூடாது. இந்தியாவில் 20 மீட்டருக்கு மேல் நீளமான மீன்பிடிப் படகுகளுக்குத்தான் ஏஐஎஸ் கட்டாயம். நாம் பார்க்கும் பெரும்பாலானவை அதைவிடச் சிறியவை. இப்போது அரசு கொடுத்துவரும் டிரான்ஸ்பாண்டர் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குப் பேசுவது, உங்கள் திரையில் வராது. நீங்கள் ஏஐஎஸ் பொருத்துங்கள், கப்பல்களுக்காக. மீன்பிடிப் படகுக்குக் கண்தான்.

கேள்வி: அண்ணை, இரவில ஒரு பெரிய மீன்பிடிக் கலம் எங்கட படகை நோக்கி நேரா வந்து பக்கத்தில ஓடினது. கொள்ளையரோ எண்டு பயந்திட்டம். (திருகோணமலை)

இலங்கையைச் சுற்றி ஓடும் பாய்ப்படகுக்காரர்கள் பலர் சொல்லும் கதைதான் இது. பல நாள் கடலில் கிடப்பவர்கள் பாய்ப்படகைக் கண்டால் வேடிக்கை பார்க்க வருவார்கள், சிகரெட் கேட்பார்கள், பதிலுக்கு மீன் தருவார்கள். இன்னொரு காரணம் அதைவிட முக்கியம்: நீங்கள் அவர்களுடைய வலையை நோக்கிப் போய்க்கொண்டிருப்பீர்கள், திருப்பிவிட வந்திருப்பார்கள். அவர்கள் குறுக்கே வந்து ஒரு பக்கமாக ஒதுக்கினால், ஒதுக்கும் பக்கம் போங்கள். டார்ச்சை அவர்கள் முகத்தில் அடிக்காமல் உங்கள் பாயின்மேல் அடியுங்கள், நீங்கள் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். அலையிருக்கும்போது பக்கவாட்டில் ஒட்ட விடாதீர்கள். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தக் கனத்த படகு உங்கள் படகின் ஓரக் கைப்பிடிக் கம்பியை வளைத்துவிடும்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் நிம்மதியாக ஓட்டலாமா? (கடலூர்)

பாதி நிம்மதி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகுகள் போகும், அவற்றின் வலைகளும் இருக்கும். தடை முடியும் ஜூன் 14 நள்ளிரவில் மட்டும் காசிமேடு, கடலூர் முகத்துவாரங்கள் பக்கம் தலைகாட்டாதீர்கள். இரண்டு மாதம் கட்டிக்கிடந்த படகுகள் ஒரே நேரத்தில் முண்டியடித்து வெளியே வரும்.

கேள்வி: மூடுபனியில் ஒரு நீண்ட ஊதல், இரண்டு குறுகிய ஊதல் கேட்டால்? (எண்ணூர்)

மீன்பிடிப் படகாகவும் இருக்கலாம், உங்களைப்போல் இன்னொரு பாய்ப்படகாகவும் இருக்கலாம். இருவருக்கும் அதே ஒலிதான். வேகத்தைக் குறைத்து, நீங்களும் குறைந்தது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதையே ஊதுங்கள்.

கேள்வி: உதவிக்கு யாரைக் கூப்பிடுவது? (நாகப்பட்டினம்)

விஎச்எஃப் வானொலியில் 16-ஆம் சேனல் முதலில். கைபேசி எடுத்தால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. பக்கத்தில் படகு இருந்தால் அதன் பதிவு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள், அணியத்தின் இரு பக்கமும் எழுதியிருக்கும். அதில் எம்எம் என்று வந்தால் விசைப்படகு, எம்ஓ என்றால் மோட்டார் பொருத்திய நாட்டுப்படகு.