பட்டறைக் கேள்வி பதில்: பாறை ஏறும் வண்டியை டயரிலிருந்து கட்டுங்கள்

பாறை ஏறும் வண்டிகளைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன். அரிசோனாவில் குழாய்ச் சட்டகங்களை வளைத்து வெல்டிங் செய்வதுதான் என் பிழைப்பு. கையால் செய்து அறிந்ததையே எழுதுகிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ராக் கிராலர் என்பது ஆள் உயரப் பாறைகள்மேல் நடை வேகத்துக்கும் குறைவாக ஊர்ந்து ஏறுவதற்கென்றே கட்டப்படும் நான்கு சக்கர இயக்க வண்டி.

கேள்வி: எங்கள் கல்லூரி அணி, மாணவர்கள் தாங்களே கட்டிய கரடுமுரடுப் பாதை வண்டிகளோடு மோதும் பாஹா எஸ்ஏஇ போட்டிக்காக 25 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவர்த் தடிமனும் உள்ள குழாயில் வண்டி கட்டியது. அதே குழாயில் ராக் கிராலர் கட்டலாமா? சட்டகத்தின் வரைபடம் தயாராக இருக்கிறது.
— மாணவர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: வரைபடம் தயாராக இருக்கிறது என்கிறீர்களே தம்பி, அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. எந்த டயர், எந்த ஆக்சில் (இரு பக்கச் சக்கரங்களையும் தாங்கிச் சுழற்றும் அச்சு), அதைச் சட்டகத்தோடு இணைக்கும் தண்டுகளான லிங்குகள் எங்கே மாட்டப்படும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. கண்ணுக்கு முதலில் படுவது சட்டகம் என்பதால் எல்லோரும் அதை முதலில் வரைகிறார்கள். கட்டும் வரிசையில் அது கடைசி.

முதலில் டயரின் உயரத்தை முடிவு செய்யுங்கள். ஆக்சில் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பதை டயர்தான் சொல்லும். பாறை இடுக்கில் இறுகிய 40 அங்குல டயரை முழு விசையோடு திருப்பினால் சிறிய ஆக்சிலின் தண்டு முறிந்துவிடும். அமெரிக்காவில் பழைய ஃபோர்டு பிக்கப்புகளின் டேனா 60 முன் ஆக்சிலையும், ஜெனரல் மோட்டார்ஸின் 14 போல்ட் பின் ஆக்சிலையும் பழைய வண்டிகளை உடைக்கும் இடங்களில் இன்றும் தேடி அலைவது அதனால்தான். ஆக்சில்கள் கிடைத்த பிறகு, சமதளத் தரையில் அவற்றை உங்களுக்கு வேண்டிய சக்கர இடைவெளியில், வண்டி நிற்கப்போகும் உயரத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள். நடுவே எஞ்சினையும் கியர்பாக்ஸையும், விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். அடுத்து லிங்குகள், ஷாக் அப்சார்பர்கள், ஓட்டுநர் இருக்கை. இவை ஒவ்வொன்றும் சட்டகத்தில் எந்தப் புள்ளியைக் கேட்கின்றன என்று அப்போது தெரியும். அந்தப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைப்பதே குழாயின் வேலை.

குழாயின் அளவுக்கு வருகிறேன். உங்கள் பாஹா வண்டி சிறிய எஞ்சின் இழுக்கும் இலகுவான வண்டி. பெரிய ஆக்சில்கள் போட்ட கிராலர் இரண்டு டன்னை நெருங்கும். உருண்டால் அந்த எடை முழுவதும் கூரைக் குழாய்மேல் விழும். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படுவது 1.75 அங்குல வெளிவிட்டமும் 0.120 அங்குலச் சுவரும் உள்ள குழாய், அதாவது 44.45 மி.மீ. விட்டம், சுமார் 3 மி.மீ. சுவர். சுவர்த் தடிமன் ஏறக்குறைய உங்களுடையதேதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் குழாய் மீட்டருக்கு 1.6 கிலோ, இது 3.1 கிலோ. எடை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. வளையாமல் எதிர்த்து நிற்கும் விறைப்போ ஆறரை மடங்குக்கும் மேல். விட்டம் கூடுவதால் கிடைக்கும் லாபம் இது. இதை உணர்ந்தவர் தடித்த சுவருள்ள ஒல்லிக் குழாயைத் தேடமாட்டார்.

இங்கே டிஓஎம் என்று விற்கப்படுவது, வெல்டிங்கில் உருவான குழாயின் உள்ளே ஓர் அச்சை வைத்துக் குளிர்நிலையில் இழுத்து, அளவையும் பலத்தையும் சீராக்கியது. நம் ஊரில் சிடிடபிள்யூ குழாய் என்று கேளுங்கள். சென்னை ஆவடியிலேயே தயாராகிறது. தண்ணீர்க் குழாயைத் தொடவே தொடாதீர்கள். அது நீர் போவதற்குச் செய்தது, சுமை தாங்குவதற்கு அல்ல. துத்தநாகம் பூசியதாக இருந்தால் வெல்டிங் புகை உடம்பையும் கெடுக்கும், பற்றும் கெடும். பிளம்பர்கள் வைத்திருக்கும், நடுவில் தள்ளி வளைக்கும் இயந்திரமும் வேண்டாம். வளைவின் உட்புறம் நசுங்கிவிடும். குழாயின் வெளிவிட்டத்துக்கென்றே கடைந்த அச்சைச் சுற்றி இழுத்து வளைக்கும் இயந்திரம் வேண்டும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் முனையை மீன்வாய்போல் வெட்டி, வெளிச்சம் தெரியாத அளவுக்கு உட்காரவைத்த பிறகே வெல்டிங். இடைவெளியை வெல்டிங் கம்பியால் நிரப்புபவரை என் பட்டறையில் நான் சேர்ப்பதில்லை. கம்பியை இயந்திரமே தள்ளிக்கொடுக்கும் மிக் வெல்டிங் போதும். சட்டகத்தில் கை வைப்பதற்கு முன், அதே குழாயின் துண்டுகளை இணைத்து, நடுவே அறுத்து, உலோகம் உள்ளே வரை உருகிக் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே பளபளப்பாகத் தெரிவதை நம்பாதீர்கள்.

கேள்வி: என்னிடம் 1985ஆம் ஆண்டு டொயோட்டா பிக்கப் இருக்கிறது. அதன் ஆக்சில்களை எடுத்து, 37 அங்குல டயருடன் குழாய்ச் சட்டக வண்டி கட்டுகிறேன். இங்கே மலையில் பாறைகள் நிறைந்த ரூபிகான் பாதைக்குப் போவதே நோக்கம். ஸ்டீயரிங் பெட்டியை அப்படியே வைத்துக்கொள்வேன். நண்பர்கள் நான்கு லிங்க் என்கிறார்கள், மூன்று லிங்க் என்கிறார்கள். விலையுயர்ந்த, ஸ்பிரிங் சுற்றிய காயில் ஓவர் ஷாக்குகளை வாங்கிவிட்டேன்.
— வாசகர், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: நல்ல அடித்தளம் உங்களிடம் இருக்கிறது. முன்புறமும் ஒரே தண்டாக வரும் ஆக்சிலோடு அந்த பிக்கப் அமெரிக்காவில் விற்கப்பட்ட கடைசி ஆண்டு 1985. ஷாக்குகளைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். அவை எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பது, ஆக்சிலைப் பிடித்திருக்கும் லிங்குகளின் இடத்தைப் பொறுத்தது. அந்த இடம் தவறினால் உலகின் சிறந்த ஷாக்காலும் சரிசெய்ய முடியாது.

பின்புறத்துக்கு முக்கோண நான்கு லிங்க். கீழே இரண்டு நீளமான லிங்குகள் ஏறக்குறைய வண்டியின் நீளவாக்கில் போகட்டும். மேலே இரண்டும் ஆக்சிலின் நடுப்பகுதியில் நெருங்கி, சட்டகத்தில் அகன்று நிற்கட்டும். மேல் லிங்குகளுக்கு இடையிலான கோணம் 40 பாகையாவது இருந்தால் ஆக்சில் பக்கவாட்டில் நகராது. ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் குறுக்குத் தண்டு தேவைப்படாது. ஆக்சிலில் மேல் லிங்குக்கும் கீழ் லிங்குக்கும் உள்ள உயர வித்தியாசம், டயர் உயரத்தில் கால் பங்கு என்பது இங்குள்ளவர்கள் பின்பற்றும் கணக்கு. உங்கள் டயருக்கு ஒன்பது அங்குலத்துக்குச் சற்று மேல். இதைக் குறைத்தால், டயர் பாறையைக் கவ்வும்போது ஆக்சிலைத் திருப்பும் விசை லிங்குகளையும் பிராக்கெட்டுகளையும் பிய்க்கப் பார்க்கும்.

இனி, பலர் கேட்கவே பயப்படும் விஷயம்: ஆன்டி ஸ்குவாட், அதாவது விசை கொடுக்கும்போது பின்புறம் அமுங்குவதை லிங்குகள் எவ்வளவு எதிர்க்கின்றன என்ற அளவு. வண்டியைப் பக்கவாட்டில் ஒரு தாளில் வரையுங்கள். பின்புற மேல் லிங்கையும் கீழ் லிங்கையும் முன்னோக்கி நீட்டினால் ஓரிடத்தில் சந்திக்கும். பின் டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து அந்தச் சந்திப்பு வழியாக ஒரு கோடு போடுங்கள். முன் ஆக்சிலுக்கு நேர்மேலே அந்தக் கோடு எந்த உயரத்தில் வருகிறது? அந்த உயரம் வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் நூறு சதவீதம். நூறை வெகுவாகத் தாண்டினால், செங்குத்தான ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வண்டியின் பின்புறம் மேலே தூக்கிக்கொண்டு, டயர் பிடியை விட்டு விட்டுக் குதிக்கும். யூட்டா மாநிலத்து மோவாப் மணற்பாறைபோலப் பிடிப்பு அதிகமுள்ள இடத்தில் அந்தக் குதிப்பு ஆக்சிலையே முறிக்கும். மிகக் குறைவாக இருந்தால் பின்புறம் அமுங்கி, எடையெல்லாம் பின்னால் போய், வண்டி மல்லாந்து விழத் தயாராகும். நூறுக்குச் சற்றுக் கீழே தொடங்குவதையே நான் விரும்புகிறேன். சட்டகப் பக்கத்து பிராக்கெட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று துளைகள் போட்டுவிடுங்கள். மேல் லிங்கை ஏற்றி இறக்கிப் பார்த்து முடிவு செய்யலாம்.

முன்புறத்தில் ஸ்டீயரிங் பெட்டியை வைத்துக்கொள்வதால் மூன்று லிங்கும் ஒரு குறுக்குத் தண்டும்தான் சரி. அந்தக் குறுக்குத் தண்டும், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டும் இணையாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் சக்கரம் மேலும் கீழும் போகும்போதெல்லாம் வண்டி தானாகவே திரும்பும். போட்டி வண்டிகளின் முன்புறத்தில் நான்கு லிங்கைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங். சக்கரத்துக்கும் ஓட்டுநர் கைக்கும் இடையே தண்டே கிடையாது. பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு அதை நான் செய்து தருவதில்லை.

கீழ் லிங்குகள் பாறைமேல் உரசியே தீரும். இரண்டு அங்குல விட்டம், கால் அங்குலச் சுவர் உள்ள டிஓஎம் குழாய் போடுங்கள். வசதியிருந்தால் 7075 ரக அலுமினியத் தண்டு. அடி வாங்கினால் வளைந்து, மறுபடி நேராகிவிடும். பிராக்கெட்டுகளுக்குக் கால் அங்குலத் தகடு. போல்ட்டை எப்போதும் பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கு நடுவே பிடியுங்கள். போல்ட்டின் மரைப்பகுதி காதுக்குள் வரக்கூடாது.

இப்போது ஷாக்குகளைப் பெட்டியிலிருந்து எடுக்கலாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் ஷாக்கை மாட்டி, ஜாக்கியால் ஒரு பக்கச் சக்கரத்தை முழுவதும் ஏற்றி மறுபக்கத்தை முழுவதும் தொங்கவிடுங்கள். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். டயர் எதில் இடிக்கிறது, பிரேக் குழல் எங்கே இழுபடுகிறது, ஓட்டத்தண்டின் மூட்டு எங்கே சிக்குகிறது என்று சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். ஷாக் முழுவதும் நீள்வதற்கு முன்பே தடுக்கும் பட்டையையும், முழுவதும் அமுங்குவதற்கு முன்பே தாங்கும் பம்ப் ஸ்டாப்பையும் அந்தக் குறிகளை வைத்தே பொருத்த வேண்டும். வண்டி நிற்கும் நிலையில் ஷாக்கின் நகர்வில் பாதிக்கும் சற்று அதிகம் கீழ்நோக்கி மிச்சமிருக்கட்டும். பள்ளத்தில் இறங்கும் சக்கரம் தரையைத் தேடிப் போக அந்த இடம் வேண்டும்.

கேள்வி: கிரால் ரேஷியோ என்பது என்ன? எவ்வளவு வேண்டும்?
— வாசகர், துபாய்

பதில்: முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை, ஆக்சில் ஆகிய மூன்றின் விகிதங்களையும் பெருக்குங்கள். டர்போ 400 கியர்பாக்ஸில் முதல் கியர் 2.48, அட்லஸ் டிரான்ஸ்ஃபர் கேஸில் 4.3, ஆக்சிலில் 5.38 என்றால் சுமார் 57. எஞ்சின் 57 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆட்டோமேட்டிக்கில், எஞ்சின் விசையைத் திரவம் வழியாகக் கடத்திப் பெருக்கும் டார்க் கன்வர்டரும் கைகொடுப்பதால் இது நன்றாகவே ஊரும். கிளட்ச் உள்ள வண்டிக்கு இன்னும் கூடுதல் வேண்டும்; பாறையின் நடுவில் கிளட்ச்சை அழுத்தியே ஏறுபவர் அதை எரித்துவிடுவார். கடையில் வாங்கும் ஜீப் ராங்லர் ரூபிகானின் 2018 மாடல், ஆறு கியர் மேனுவலில் சுமார் 84 தந்தது.

கேள்வி: கல்லூரி முடித்த என் மகன் நண்பர்களோடு சேர்ந்து வீட்டுக் கொட்டகையில் இப்படி ஒரு வண்டி கட்டுகிறான். தடுக்க எனக்கு விருப்பமில்லை. எனக்கு வெல்டிங் தெரியாது. நான் எதைப் பார்த்துத் திருப்திப்படுவது?
— ஒரு தாய், ஹூஸ்டன்

பதில்: சகோதரி, உங்கள் கேள்வி எல்லாக் கட்டுமானக்காரர்களின் வீட்டிலிருந்தும் வர வேண்டியது. வெல்டிங் தெரியாமலேயே நீங்கள் சரிபார்க்கக்கூடியவை நிறைய உள்ளன.

மகனை இருக்கையில் உட்காரவைத்து, ஐந்து முனை பெல்ட்டை மாட்டச் சொல்லுங்கள். இடுப்புப் பட்டை வயிற்றின்மேல் இல்லாமல் இடுப்பெலும்பின்மேல் இருக்க வேண்டும். தோள் பட்டைகள் தோளிலிருந்து நேராகவோ சற்றே சரிந்தோ பின்னால் உள்ள குறுக்குக் குழாய்க்குப் போக வேண்டும். தரையை நோக்கிச் செங்குத்தாக இறங்கினால், வண்டி உருளும்போது அது முதுகெலும்பை அழுத்தும், மாற்றச் சொல்லுங்கள். பெல்ட்டில், பந்தயப் பாதுகாப்புப் பொருள்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் முத்திரையோடு தயாரித்த தேதி இருக்கும். இரண்டு ஆண்டுகளில் அது காலாவதியாகிறது.

அடுத்து, கைகள். ராக் கிராலர் பெரும்பாலும் மெதுவாகத்தான் சாயும். சாயும்போது கையை வெளியே நீட்டி மேல் குழாயைப் பிடிப்பது மனித இயல்பு. விரல்கள் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். ஜன்னல் வலை அல்லது மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் அவன் ஓட்டக்கூடாது. தலைக்கு எட்டும் தூரத்தில் உள்ள குழாய்களில் கெட்டியான பஞ்சுறை, தலையில் ஹெல்மெட். பாட்டரியை அசைத்துப் பாருங்கள், அசைந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் தீயணைப்பானும் பெல்ட் மாட்டிய நிலையிலேயே கைக்கு எட்ட வேண்டும். தலைகீழானால் பெட்ரோல் எங்கே வழியும் என்று அவனிடம் கேளுங்கள். தொட்டியின் காற்றுக் குழலில் தானாக மூடும் வால்வு இருக்கிறது என்று காட்டினால், அந்தப் பையன் சிந்தித்துக் கட்டுகிறான் என்று நம்பலாம்.

கேள்வி: இப்படிக் கட்டிய வண்டியைத் தமிழ்நாட்டில் சாலையில் ஓட்ட முடியுமா?
— வாசகர், மதுரை

பதில்: முடியாது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பதிவுள்ள பழைய ஜீப்பின் சட்டகத்தை வெட்டிக் குழாய் வைத்தாலும் இதே நிலைதான். லாரியில் ஏற்றிக்கொண்டு போய், உரிமையாளரின் அனுமதியோடு தனியார் நிலத்தில் ஓட்டுங்கள். வனத்துறை நிலத்துக்குள் போகவே போகாதீர்கள். போட்டியைப் பார்க்க ஆசைப்பட்டால், 2014இல் கோவாவில் தொடங்கிய, மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் வண்டிப் போட்டிக்குப் போய்வாருங்கள். அங்கே சேறுதான் அதிகம். ஆனால் வண்டிகளின் அடியில் குனிந்து லிங்குகள் எங்கே மாட்டப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பதற்கு அனுமதி கேளுங்கள். கட்டியவர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள்.