குடும்பத்தோடு கல் மெருகேற்ற எந்த ராக் டம்ளர் வாங்கலாம்? கடற்கரையில் பொறுக்கிய கற்கள் சரிப்படுமா?

கேள்வி: நாகர்கோவிலில் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. சங்குத்துறை, முட்டம் என்று எங்கே போனாலும் பை நிறையக் கல்லோடுதான் திரும்புகிறார்கள். அடுத்த மாதம் மகளுடைய பிறந்தநாள். கல்லை உருட்டிப் பளபளப்பாக்கும் ராக் டம்ளர் வாங்கிக் கொடுக்க ஆசை. எந்த வகை நல்லது? இங்கே கிடைக்கும் கற்களையே போடலாமா?

பதில்:

தாராளமாக வாங்குங்கள். எங்கள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள், தக்கலைப் பக்கம் வீடு, பின்பக்கச் சாய்ப்பில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. என் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரோட்டரி வகை, கல்லைப் போட்டு உருட்டும் உருளை (பேரல்) ரப்பரில், மூன்று பவுண்டு கொள்ளளவு, நம் ஊர் 230 வோல்ட்டில் நேரடியாக ஓடும் மோட்டார், பெல்ட் தனியாக வாங்கக் கிடைக்க வேண்டும். ஆனால் மெஷின் தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் சேர்த்து வைத்த கல்லையெல்லாம் தரையில் கொட்டிப் பிரித்துப் பாருங்கள். பாலிஷ் நன்றாக வருவதும் வராததும் பாதிக்கு மேல் கல்லைப் பொறுத்தது. எவ்வளவு விலை உயர்ந்த மெஷினாலும் மென்மையான கல்லுக்குப் பளபளப்பு வராது.

பிரிப்பதற்கு ஒரு பழைய இரும்புக் கத்தி போதும். முனையைக் கல்லில் அழுத்திக் கீறுங்கள். பள்ளமாகக் கோடு விழுந்து பொடி உதிர்ந்தால் கல் மென்மையானது. பென்சிலால் இழுத்த மாதிரி சாம்பல் நிறக் கோடு விழுந்து, ஈர விரலால் துடைத்ததும் அது போய்விட்டால், தேய்ந்தது கத்தி. கல் அப்படியே இருக்கிறது. அந்தக் கல்தான் உங்களுக்கு வேண்டியது. எண் கூடக் கூடக் கல் கடினம் என்று சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் கத்தி ஏறக்குறைய 5.5, குவார்ட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல் 7. சிப்பியும் சங்கும் மூன்று, மூன்றரைதான். சிப்பியையும் வெங்கச்சங்கல்லையும் ஒரே பேரலில் போட்டால் ஒரு வாரத்தில் சிப்பி சுண்ணாம்புக் குழம்பாகிவிடும். கத்தியைப் பிடிப்பது நீங்களாக இருக்கட்டும். கோட்டைத் துடைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் இந்தச் சோதனையே ஒரு விளையாட்டாகிவிட்டது.

நம் மாவட்டத்தில் என்ன கிடைக்கும்? முட்டம் பாறைகளிலும் மலையடிவாரங்களிலும் கண்ணில் படுவது பெரும்பாலும் சார்னோகைட் என்ற கருங்கல்லும், கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் புள்ளி புள்ளியாகப் பதிந்த, 'நைஸ்' (gneiss) என்ற வரியோடிய பாறையும். பார்க்க அழகாக இருக்கும். டம்ளருக்கு இவை சுமார்தான். ஒரே கல்லுக்குள் கடினமான மணிகளும் மெதுவான மணிகளும் கலந்து கிடப்பதால் மெதுவானவை முதலில் தேய்ந்து குழி விழுகிறது. கறுப்பு மைக்கா நிறைய உள்ள கல் இன்னும் மோசம். இந்தப் பாறைகளின் நடுவே வெள்ளைக் கோடாக ஓடுகிறதே, அந்த வெங்கச்சங்கல்தான் நமக்குப் பொக்கிஷம். அது உடைந்து, ஆற்றில் உருண்டு, கூழாங்கல்லாகக் கிடைத்தால் பாதி வேலையை ஆறே முடித்துவிட்டது என்று அர்த்தம். கோதையாறு, பரளியாறு, குழித்துறை ஆற்றுப் பக்கங்களில் இப்படிப்பட்ட கல் கண்ணில் படும். பால் வெள்ளை, லேசான ரோஸ், தேன் நிறம் ஓடியது என்று வகைவகையாக இருக்கும். விரிசல் உள்ளதை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். மேற்கே கிடைக்கும் சிவப்பு வெட்டுக்கல் வேண்டவே வேண்டாம், கரைந்துவிடும். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் எந்தக் கல்லையும் எடுக்கக் கூடாது, பவளத்தைத் தொடவே கூடாது. இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. இதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று, பலரும் கேட்பார்கள்: "நம்ம ஊர்லதான் கார்னெட் மணல் கொட்டிக் கிடக்கே, அதையே தேய்க்கிற பொடியாப் போட்டா என்ன?" போடாதீர்கள். கார்னெட்டின் கடினத்தன்மை 6.5 முதல் 7.5 வரைதான், வெங்கச்சங்கல்லுக்குக் கிட்டத்தட்ட சமம். அதிலும் அலையில் உருண்டு முனை மழுங்கிய மணிகள் கல்லை வெட்டாது. தேய்ப்பதற்கு வேண்டியது சிலிக்கான் கார்பைடு, அதாவது கடைக்காரர்கள் சொல்லும் கார்போரண்டம் பவுடர். அதன் கடினத்தன்மை ஒன்பதுக்கு மேல், உடைந்தாலும் கூர்மையாகத்தான் உடையும். நம் கடற்கரை மணலைத் தவிர்க்க இதைவிட முக்கியமான காரணமும் இருக்கிறது. அதில் கார்னெட், இல்மனைட், சிர்கான் ஆகியவற்றோடு மோனசைட்டும் கலந்திருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூர் மணலில் அதைக் கண்டறிந்தார். அந்தக் காலத்து காஸ் விளக்கு மேண்டிலுக்கு மோனசைட்டில் உள்ள தோரியம் தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சி ஆலை இன்றும் பிரித்தெடுப்பது இந்தக் கனிமங்களைத்தான். தோரியம் கதிரியக்கம் உள்ளது. கரையில் நடப்பது வேறு. அதையே வீட்டில் மாவாக அரைத்துப் பிள்ளைகள் கையில் கொடுப்பது வேறு. பொறுக்கி வந்த கல்லையும் மணல் போக நன்றாகக் கழுவிய பிறகே பேரலில் போடுங்கள்.

சரி, மெஷினுக்கு வருவோம். இரண்டு வகை உண்டு. ரோட்டரி என்பது பேரலைப் படுக்கவைத்து மெதுவாக உருட்டுவது. வைப்ரேட்டரி என்பது குலுக்குவது. குலுக்குவது சீக்கிரம் முடியும், ஆனால் கல்லின் வடிவத்தை மாற்றாது. ஏற்கெனவே வெட்டி வடிவம் கொடுத்த கல்லுக்கு அது சரி. கரடுமுரடான கல் உருண்டையாவதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் ரோட்டரிதான். அதிலும் பொம்மைக் கடை ரகம் ஒன்று வரும்: சின்ன பிளாஸ்டிக் பேரல், ஒரு கைப்பிடி கல், கண்ணைப் பறிக்கும் பெட்டி. இரவு பகலாக வாரக்கணக்கில் ஓட வேண்டிய பொருள் இது. பிளாஸ்டிக் பேரல் போடும் சத்தத்தில் உங்களுக்கும் தூக்கம் வராது, பக்கத்து வீட்டுக்கும் வராது. ரப்பர் பேரல் என்றால் தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல்தான்.

மூன்று பவுண்டு என்பது ஏறக்குறைய 1.36 கிலோ. கல், தண்ணீர், பொடி எல்லாம் சேர்ந்த எடை அது. குடும்பத்துக்கு அது போதும். பெரியதை வாங்கினால் அதை நிரப்பவே நல்ல கல் கிடைக்காது. பேரல் மூன்றில் இரண்டு பங்காவது நிரம்பாவிட்டால் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உடையும். கல் குறைவாக இருந்தால் பீங்கான் மணிகள் விற்கிறார்கள், அதைச் சேர்த்து நிரப்பலாம்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறார்கள் என்றால் அடிப்பக்க லேபிளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் இதைச் சொல்கிறேன். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேராகச் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் நம் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் சுற்றும். ஓடும், ஆனால் நாள் கூடும். கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் இரும்புத் தண்டு துருப்பிடிக்காமல் அவ்வப்போது துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பெல்ட்டில் எண்ணெய் படக் கூடாது. மழைச்சாரல் அடிக்காத இடமாக வையுங்கள், இங்கே இரண்டு பருவமழையும் உண்டல்லவா. கரண்ட் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். லேபிளில் 40 வாட் என்று இருந்தால் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

ஓட்டும் முறை நான்கு கட்டம். 60/90 என்ற கரடு பொடி (எண் கூடக் கூடப் பொடி நுண்ணியது), அப்புறம் 120/220, அப்புறம் 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு பாலிஷ். கட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு வாரம். முதல் கட்டம் மட்டும் கல் உருண்டு வரும்வரை இரண்டு மூன்று வாரம் நீளலாம். மூன்று பவுண்டு பேரலுக்கு நான்கு மேசைக்கரண்டி பொடி, மேல் வரிசைக் கல்லின் அடிவரை தண்ணீர். ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்கும் கார்போரண்டம் பேஸ்ட்டை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அது கிரீஸ் கலந்தது.

பேரலைத் திறக்கும் நாள்தான் எங்கள் வீட்டில் கொண்டாட்டம். மூடியைக் கழற்றினால் உள்ளே சிமெண்ட் கரைத்தது போன்ற சாம்பல் குழம்பு. கல் எதுவும் தெரியாது. பெரியவள் கையை விட்டுத் துழாவி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள், சின்னவன் வாளித் தண்ணீரில் அலசுவான். நனைந்திருக்கும்போது எல்லாக் கல்லும் பளபளக்கும், அதை நம்ப முடியாது. துண்டில் துடைத்து, காய்ந்த பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். குழி இருந்தால் அந்தக் கல் மறுபடியும் முதல் கட்டத்துக்குப் போகும். "மக்களே, இன்னொரு வாரம்" என்று நான் சொல்வதற்கு முன்னால் இப்போது அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு கட்டம் மாறும்போதும் பேரல், மூடியின் பள்ளம், கல்லின் இடுக்கு எல்லாவற்றையும் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். கரடு பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பாலிஷ் கட்டத்தில் கல் முழுக்கக் கீறல் விழும்.

அந்தக் குழம்பை மட்டும் எக்காரணம் கொண்டும் கழுவு தொட்டியில் ஊற்றாதீர்கள். பைப்புக்குள் படிந்து கல்லாக இறுகிவிடும். தோட்டத்து மூலையில் ஒரு குழி வெட்டி அதில் ஊற்றி மண்ணை மூடுங்கள். அது காய்ந்து தூளாகப் பறக்கக் கூடாது, கல் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். உலர்ந்த பொடியை அளந்து போடுவதும் பெரியவர் வேலை, முகத்தில் மாஸ்க் இருக்கட்டும். நீங்கள் கேட்டதில் இல்லாத ஒரு விஷயம்: சிலவகைக் கற்கள் உள்ளே வாயு உண்டாக்கி மூடியை உப்ப வைக்கும். முதல் சில நாட்கள் தினமும் ஒருமுறை மூடியைத் திறந்து மூடினால் போதும்.

பிறந்தநாள் அடுத்த மாதம் என்றீர்கள். அன்றைக்கு மெஷினைக் கொடுங்கள், பளபளக்கும் கல் கைக்கு வர அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். முதல் லோடில் பிள்ளைகள் பொறுக்கிய வெங்கச்சங்கல் பாதி, வாங்கிய அகேட் பாதி போடச் சொல்வேன். குஜராத்தின் காம்பாத் அகேட் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர், அங்கிருந்து உடைத்த கல்லாகவே ஆன்லைனில் வருகிறது. அகேட்டும் குவார்ட்ஸ் குடும்பம்தான், கடினம் ஏறக்குறைய ஒன்றே, அதனால் சேர்ந்து ஓடும். பாலிஷும் ஏமாற்றாது. பொடி வாங்கும்போது 60/90-ஐ மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வாங்கி வையுங்கள், முதலில் தீருவது அதுதான்.