நீளமான இரட்டை இழை ஆர்.என்.ஏ ஏற்றினால் ஹீலா செல்கள் ஏன் சாகின்றன?

கேள்வி: முன்பு டிரோசோஃபிலா ஈயின் எஸ்2 செல்களில், 500 கார இணை நீளமுள்ள இரட்டை இழை ஆர்.என்.ஏ-வை வளர்ப்பு ஊடகத்தில் அப்படியே சேர்த்து ஒரு மரபணுவை அடக்கியிருக்கிறேன். இப்போது அதேபோல் ஆர்.என்.ஏ செய்யும் டி7 நொதி கொண்டு தயாரித்து, லிப்பிட் (கொழுப்பு) மூலம் ஹீலா என்ற மனிதப் புற்றுநோய்ச் செல்லுக்குள் ஏற்றினேன். 48 மணி நேரத்தில் குறிவைத்த புரதம் நன்றாகக் குறைந்துவிட்டது, ஒப்பீட்டுக்கு வைத்த ஆக்டின் புரதம் லேசாகத்தான் குறைந்தது, ஆனால் பாதிச் செல்கள் செத்து மிதக்கின்றன. அளவைக் குறைத்தால் சரியாகிவிடுமா? (ஓர் ஆய்வு மாணவி)

பதில்: ஆகாது. அளவைக் குறைத்தால் சாகும் செல்கள் குறையலாம், ஆனால் உங்கள் முடிவு நம்பக்கூடியதாக மாறாது. நீங்கள் பார்த்தது அந்த ஒரு மரபணு அடங்கியதை அல்ல, அநேகமாகச் செல் மொத்தமாகப் புரதத் தயாரிப்பையே நிறுத்தியதைத்தான்.

ஃபயரும் மெல்லோவும் 1998-ல் புழுவில் காட்டிய ஆர்.என்.ஏ குறுக்கீடு (இரட்டை இழை ஆர்.என்.ஏ கொண்டு அதே வரிசையுள்ள மரபணுவை அடக்குவது) ஈயிலும் புழுவிலும் நீளமான இரட்டை இழையோடு அழகாக நடக்கிறது, ஏனென்றால் அங்கே அதைக் கண்டதும் டைசர் நொதி துண்டு துண்டாக நறுக்கிவிடும், வேறு பெரிய கலவரம் எதுவும் இருக்காது. பாலூட்டிச் செல்லிலும் டைசர் இருக்கிறது. ஆனால் அதன் சைட்டோபிளாசத்தில் சாதாரணமாக நீளமான இரட்டை இழை கிடந்தால் அது வைரஸ் பெருகுகிறது என்பதற்கான அடையாளம், டைசர் வந்து சேர்வதற்குள் இன்னும் பலர் அதைப் பார்த்துவிடுகிறார்கள்.

முதல் ஆள் பி.கே.ஆர் என்ற கைனேஸ், அதாவது பாஸ்பேட் ஏற்றும் நொதி. சுமார் 30 கார இணைக்கு மேல் நீளமிருந்தால் இரண்டு பி.கே.ஆர் மூலக்கூறுகள் அதே இழையில் உட்கார்ந்து ஒன்றையொன்று தூண்டிவிட்டு, புரதத் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் ஈஐஎஃப்2 ஆல்ஃபா புரதத்தின் 51-ஆவது இடத்திலுள்ள செரின் அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். அதோடு ரைபோசோம் புதிதாக வேலை தொடங்குவது பெருமளவு நின்றுபோகும், எந்த எம்.ஆர்.என்.ஏ என்று பார்க்காது. இரண்டாவது ஆள் ஓ.ஏ.எஸ் நொதி, அது 2'-5' இணைப்புள்ள சிறு அடினைலேட் சங்கிலிகளைச் செய்ய, அவை ஆர்.என்.ஏஸ் எல் என்ற வெட்டும் நொதியை எழுப்பிவிடும், அதுவோ எம்.ஆர்.என்.ஏ மட்டுமல்ல, ரைபோசோமின் ஆர்.என்.ஏ-வையும் வெட்டும். இதற்கு மேல் ஆர்.ஐ.ஜி-ஐ, எம்.டி.ஏ5 என்ற இரண்டு உணரிப் புரதங்களும் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் உள்ள எம்.ஏ.வி.எஸ் புரதம் வழியாக இன்டர்ஃபெரான் பீட்டா என்ற வைரஸ் எச்சரிக்கைப் புரதத்தைத் தூண்டும். அது வெளியே போய்ப் பக்கத்துச் செல்களையும் உஷார்ப்படுத்தும், நூற்றுக்கணக்கான மரபணுக்களின் அளவு மாறும். இவ்வளவும் நடக்கும்போது உங்கள் புரதம் குறைந்தது என்பது, ஊருக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டு விளக்கு அணைந்தது என்று சொல்வது மாதிரி.

"ஆக்டின் அவ்வளவாகக் குறையவில்லையே" என்றால், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஆக்டினுக்கு ஆயுள் அதிகம். புதிய தயாரிப்பு நின்றாலும் பழைய சரக்கு நாட்கணக்கில் இருக்கும். உங்கள் புரதம் சில மணி நேரத்தில் சிதைகிற ரகமாக இருந்தால் அதுதான் முதலில் காணாமல் போகும், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரத அளவைக் காட்டும் சோதனை) பார்த்தால் அச்சு அசல் குறிப்பிட்ட அடக்கம் மாதிரியே தெரியும். எம்.சி.எல்-1 அல்லது சைக்ளின் டி1 மாதிரி சீக்கிரம் சிதையும் ஒரு புரதத்தையும் அதே பிளாட்டில் போட்டுப் பாருங்கள், அதுவும் விழுந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

இதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு, இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்: ஹீலாவில் இல்லவே இல்லாத ஜி.எஃப்.பி (பச்சையாக ஒளிரும் புரதம்) வரிசையிலிருந்து அதே 500 நீளத்தில் ஒரு இரட்டை இழை செய்து, அதே அளவில் ஏற்றுங்கள். அதற்கும் உங்கள் புரதம் குறைந்தால் வரிசைக்கும் விளைவுக்கும் சம்பந்தமில்லை. கூடவே பாஸ்பேட் ஏறிய ஈஐஎஃப்2 ஆல்ஃபாவுக்கு ஒரு பிளாட், இன்டர்ஃபெரான் தூண்டும் மரபணுக்களான ஐ.எஃப்.ஐ.டி1, ஐ.எஸ்.ஜி15 இரண்டுக்கும் கியூ.பி.சி.ஆர் (எம்.ஆர்.என்.ஏ அளவிடும் சோதனை). ஆர்.என்.ஏ-வை ஜெல்லில் ஓட்டும்போது ரைபோசோம் ஆர்.என்.ஏ-வின் 28எஸ், 18எஸ் பேண்டுகளுக்குக் கீழே கூர்மையான கூடுதல் பேண்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். கை சுத்தமில்லாமல் ஆர்.என்.ஏ கெட்டால் தேய்ந்த கறை மாதிரி இழுபடும், ஆர்.என்.ஏஸ் எல் வெட்டினால் குறிப்பிட்ட அளவுகளில் தனித்தனிப் பேண்டாக நிற்கும். எல்லாச் செல் வகையிலும் இது தெளிவாகத் தெரியாது, ஏ549 என்ற நுரையீரல் செல் வகையில் நன்றாகத் தெரியும், அதனால் பேண்ட் இல்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

சரி, என்ன செய்வது? 2001-ல் துஷ்லின் குழு, எல்பாஷிரை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வில், இதற்கு வழி காட்டிவிட்டது: டைசர் நறுக்கித் தரவேண்டிய துண்டை நாமே செய்து கொடுப்பது. 21 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ எழுத்து) நீளம், 3' முனையில் இரண்டு எழுத்து நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பி.கே.ஆர் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது, ஆர்கோனாட்-2 என்ற வெட்டும் புரதம் எடுத்துக்கொண்டு குறியை மட்டும் வெட்டும். தயவுசெய்து இதை ரசாயன முறையில் தயாரித்ததாகவே வாங்குங்கள். டி7 மூலம் செய்தால் 5' முனையில் மூன்று பாஸ்பேட் ஒட்டியிருக்கும், அது ஆர்.ஐ.ஜி-ஐ-க்கு நேரடி அழைப்பு, நீளத்தைக் குறைத்தும் இன்டர்ஃபெரான் பெரும்பாலும் வந்துவிடும். காசு மிச்சம் என்று டி7 பக்கம் போவது இந்த இடத்தில் சரியான சிக்கனம் அல்ல.

அளவு விஷயம் இங்கேதான் வருகிறது. 100 நானோமோலார் தேவையில்லை, 5 முதல் 20-க்குள் தொடங்கிப் பாருங்கள். குட்டித் துண்டுக்கும் தனிப் பிரச்சினை உண்டு, அதன் 2 முதல் 8 வரையுள்ள எழுத்துகள் பொருந்துகிற வேறு எம்.ஆர்.என்.ஏ-க்களையும் செல்லின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ போலக் கொஞ்சம் அடக்கிவிடும். அதனால் ஒரே மரபணுவின் வெவ்வேறு இடங்களைக் குறிவைக்கும் குறைந்தது இரண்டு துண்டுகள், எதையும் குறிவைக்காத ஒரு கண்ட்ரோல், முடிந்தால் அந்தத் துண்டு ஒட்டாதபடி எழுத்து மாற்றிய மரபணுவைத் திரும்பக் கொடுத்து விளைவு மறைகிறதா என்ற மீட்புச் சோதனை. மீட்புச் சோதனை வேலை அதிகம்தான், ஆனால் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் கேட்பதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது. பாலூட்டிகளில் இந்தத் துண்டுகளைப் பெருக்கித் தரும் நொதி புழுவில் இருப்பது போல இல்லை, செல் பிரியப் பிரிய நீர்த்துப்போகும், ஹீலா மாதிரி வேகமாகப் பெருகும் செல்லில் சில நாட்களில் புரதம் திரும்பி வந்தால் பதறாதீர்கள்.

நீளமான இரட்டை இழைதான் வேண்டும் என்றால் எலியின் முட்டைச் செல்லில் அது வேலை செய்யும், அங்கே இன்டர்ஃபெரான் பதில் பலவீனம். ஹீலாவில் வேண்டாம்.

தயாரித்து வைத்திருக்கும் 500 கார இணைச் சரக்கைக் கொட்டிவிடாதீர்கள், சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்துக்கொள்ளுங்கள். புதிய துண்டுகள் இன்டர்ஃபெரானைத் தூண்டவில்லை என்று காட்டும்போது, தூண்டினால் ஐ.எஃப்.ஐ.டி1 எவ்வளவு ஏறும் என்பதற்கு அதுவே பாசிட்டிவ் கண்ட்ரோல்.