கேள்வி – பதில்: கதையில் வந்த 2001, கணினிக்கு வரும் 2038

கேள்வி: 21-ஆம் நூற்றாண்டு பிறந்தது 2000-இலா, 2001-இலா?

பதில்: 2001 ஜனவரி 1-இல். கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவே பூஜ்ய ஆண்டு கிடையாது. ஆகவே நூறு நிறைவது 100, 200, 2000 போன்ற ஆண்டுகளின் கடைசி நாளில்தான்.

கேள்வி: '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' படம் காட்டியதில் எது பலித்தது, எது பொய்த்தது?

பதில்: 1968-இல் வந்த படம். தட்டைத் திரையில் செய்தி, முகம் பார்த்துப் பேசும் தொலைபேசி, சதுரங்கத்தில் மனிதரை வெல்லும் கணினி எல்லாம் பலித்தன. 1997-லேயே டீப் புளூ என்ற கணினி உலகச் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்துவிட்டது. நிலாக் குடியிருப்புதான் வரவில்லை. நிஜமான 2001 பிறந்தபோது பூமிக்கு வெளியே இருந்தவர்கள் மூன்றே பேர், சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் குழுவினர்.

பணம் ஒரு காரணம். 1966-இல் அமெரிக்க அரசின் செலவில் 4 சதவீதத்துக்கு மேல் நாசாவுக்குப் போனது. 1975-இல் அது 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கதையை எழுதி, பிற்காலத்தில் கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் தகவல் தொடர்பு நிலையங்களை நிறுத்தலாம் என்று 1945-லேயே எழுதினார். அவற்றில் ஆட்கள் தங்கியிருப்பார்கள் என்பது அவர் எண்ணம். அன்றைய மின்னணுக் கருவிகளில் இருந்த கண்ணாடிக் குழாய் வால்வுகள் அடிக்கடி பழுதாகும், மாற்ற ஆள் வேண்டுமே. இரண்டே ஆண்டில், வால்வுக்குப் பதிலாக எளிதில் பழுதாகாத சிறு டிரான்சிஸ்டர் வந்தது. அங்கே ஆளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

கேள்வி: 2038-இல் கணினிகள் குழம்பும் என்கிறார்களே, எங்கள் அலுவலகத்தில் என்ன செய்வது?

பதில்: பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை எண்ணியே தேதி சொல்கின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் (0 அல்லது 1 எழுதும் 32 இடங்களில், ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்கு) வைத்தால் 2,147,483,647-க்கு மேல் இடமில்லை. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07-க்கு அந்த எல்லை வரும். அடுத்த நொடியில் எண் எதிர்மறையாகி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

இன்றைய 64 பிட் கணினிகளில் இயங்குதளம் பெரும்பாலும் தாங்கும். ஆபத்து பழைய கேமரா ரெக்கார்டர், ரூட்டர், வருகைப்பதிவு இயந்திரம், தரவுத்தளம் ஆகியவற்றில். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் தேதி-நேரம் பதியும் 'டைம்ஸ்டாம்ப்' வகைப் புலங்கள் 2038-இல் நின்றுவிடும். எதிர்காலத் தேதிகளை 'டேட்டைம்' வகைக்கு மாற்றுங்கள். 20 ஆண்டுக் கடனின் முடிவுத் தேதியைப் பதியும்போது இப்போதே கோளாறு தெரியும் என்பதால், 2038 வரை காத்திருக்காதீர்கள்.

சோதிக்க, முதலில் முழு நகல் எடுங்கள். வலையிலிருந்து துண்டித்த தனிக் கணினியில் அந்த நகலை ஏற்றி, தானாக நேரம் சரிசெய்யும் வசதியை அணையுங்கள். கடிகாரத்தை 2038 ஜனவரி 19 காலை 8:40-க்கு வைத்து, பத்து நிமிடம் ஓடவிட்டு, பதிவுகளின் தேதியைப் பாருங்கள். பிறகு ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சில கருவிகள் அப்போதுதான் திணறும். வேலையில் இருக்கும் இயந்திரத்தில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியாகத் தெரியும், பழைய பதிவுகள் கெடு முடிந்ததாக எண்ணி அழிக்கப்படும்.