கடவுள் நம்பிக்கை இல்லாவிட்டால் மனித உயிருக்கு மதிப்பு எங்கிருந்து வரும்?

ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டிருக்கிறார். கேள்வியோடு இன்னொரு வரியும் இருக்கிறது: "உயிரைப் படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று நம்பினால்தானே அதைப் புனிதம் என்று சொல்ல முடியும்? இல்லாவிட்டால் கருணை வெறும் பழக்கம்தானே?"

எனக்குக் கடவுள் நம்பிக்கை விட்டுப்போய்ப் பல வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு இன்றும் ஆழமாக உண்டு. எங்கள் வீட்டில் இதைப் பலமுறை பேசியிருக்கிறோம். வாதம் செய்து யாரும் யாரையும் மாற்றவில்லை. என்னைத் தெளியவைத்தது ஒரு ஆஸ்பத்திரி வார்டு.

பக்கவாதம் வந்து அப்பா பதினோரு நாள் அங்கே இருந்தார். இரவில் நான் கூட இருப்பேன். பக்கத்துக் கட்டிலில் நினைவிழந்த ஒரு பெரியவர். சாலையில் விழுந்து கிடந்தவரை யாரோ கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். தேடி வர ஆள் இல்லை, பெயர்கூடத் தெரியாது. படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இரவு வேலைக்கு வரும் ஒரு அக்கா அதைச் செய்வார். தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவர் காதருகே குனிந்து, "ஐயா, வலது பக்கமாத் திருப்பறேன், பயப்படாதீங்க" என்பார். வறண்ட உதட்டில் ஈரப் பஞ்சை வைக்கும் முன், "சில்லுனு இருக்கும் ஐயா" என்பார்.

"அவருக்குக் கேட்குமா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கேட்குதோ இல்லையோ தம்பி, சொல்லாம ஒருத்தர் உடம்பைத் தொடலாமா?"

அந்த அக்கா சாமி கும்பிடுபவரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. பெயர் தெரியாத, பதில் பேச முடியாத, யாருக்கும் பயன்படாத நிலையில் கிடந்த ஒருவரை அவர் முழு மனிதராக நடத்தினார். நம்பிக்கையிலிருந்து வந்திருந்தாலும் வளர்ப்பிலிருந்து வந்திருந்தாலும் அந்தப் பெரியவரின் உதட்டுக்கு அது ஒரே ஈரம்தான்.

இதையொட்டி ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மதகுருவாகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்துச் செய்தது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பு, அடிபட்டுக் கிடந்தவனை மதகுரு தாண்டிப் போக, வேற்று இனத்துச் சமாரியன் காப்பாற்றியதாக இயேசு சொன்ன கதை. போகும் வழியில் ஒரு ஆள் குனிந்து சுருண்டு, இருமிக்கொண்டு முனகியபடி கிடப்பார், அது ஏற்பாடு. மொத்தம் 16 பேர்தான் நின்று உதவினார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதம். சமாரியன் கதையைப் பேசப் போனவர்களா, வேறு தலைப்பா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கவில்லை. அந்தக் கதையைப் பேசப் போன சிலர் கிடந்தவரைத் தாண்டியே போனார்கள்.

மதத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த இடத்தில் நாத்திக மாணவர்களை விட்டிருந்தாலும் அவசரம் அவசரம்தான். எனக்கே தெரியும். மூன்றாம் இரவு, மருந்துச் சீட்டோடு ஓடும்போது அந்தப் பெரியவரின் கை கட்டிலுக்கு வெளியே தொங்குவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

நம்பிக்கை உள்ளவர்களுக்கு இல்லாத ஒரு சிரமம் எங்களுக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அம்மா தினமும் விளக்கேற்றி, "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று சொல்லித்தான் எழுந்திருப்பார். தெரியாத மனிதர்களை நாள்தோறும் ஒருமுறை நினைக்கும் பயிற்சி அது. நம்பிக்கை போனபோது எனக்கு அந்தப் பயிற்சியும் போனது. அதன் இடத்தில் வேறொன்றை நானாகத்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னும் சரியாக வரவில்லை.

1859 ஜூன் 24-ஆம் தேதி இத்தாலியின் சோல்ஃபெரினோ போர்க்களத்துக்கு அருகே, காஸ்டிலியோனே ஊரின் தேவாலயத்தில் காயம்பட்ட சிப்பாய்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். வியாபார விஷயமாக வந்த, பின்னாளில் செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமான ஹென்றி டுனாண்ட் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து காயம் துடைத்தார். எந்தப் படை என்று பார்க்காமல், "எல்லாரும் சகோதரர்கள்" என்றார்கள் அந்தப் பெண்கள். டுனாண்ட் ஆழ்ந்த கிறிஸ்தவர். ஆனால் அவர் தூண்டுதலால் 1864-இல் உருவான ஜெனீவா ஒப்பந்தம், காயம்பட்டவன் எந்த நாட்டவனாக இருந்தாலும் கவனிக்கப்பட வேண்டும் என்றுதான் சொன்னது. அந்த விதியை ஏற்க அவருடைய கடவுளை ஏற்கத் தேவையில்லை.

இதே கேள்வி உலகத்தின் மேஜைக்கே ஒருமுறை வந்திருக்கிறது. 1948-இல் ஐ.நா. சபையில் உலக மனித உரிமைப் பிரகடனத்தை எழுதியபோது, மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று முதல் பிரிவில் சேர்க்கச் சொன்னது பிரேசில். சீனப் பிரதிநிதி பெங் சுன் சாங் மறுத்தார். உலகத்தில் பல மரபுகள் இருக்கின்றன, ஒருவருடையதை எல்லார் மீதும் வைக்க வேண்டாம் என்பது அவர் வாதம். பிரேசில் விலக்கிக்கொண்டது. அந்த வரைவு வேலையில் சாங் தன் பங்காகக் கொடுக்கப் பார்த்தது 'ரென்' என்ற சீனக் கருத்து. 'மனிதன்', 'இரண்டு' என்ற குறிகள் சேர்ந்த எழுத்து அது. எதிரே இருப்பவனும் தன்னைப் போல ஒரு மனிதன் என்ற உணர்வு. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல் கிடைக்காமல், 'மனச்சாட்சி' என்று பொருள்படும் சொல்லைப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 10 அன்று பாரிஸில் பிரகடனத்தை 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் நடுநிலை வகித்தன. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை.

எனக்கு இதில் ஒரு ஏக்கம். அந்த உணர்வுக்குத் தமிழில் சொல் இருக்கிறது. நம்மவர்மேல் வைப்பது அன்பு. யார் எவர் என்று பார்க்காமல் எல்லா உயிர்மேலும் விரிவது அருள். இன்று அருள் என்றாலே கடவுள் கொடுப்பது என்றுதான் புரிந்துகொள்கிறோம். பழந்தமிழில் அது மனிதனிடம் இருக்க வேண்டிய குணத்தின் பெயரும்கூட.

சரி, மதிப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு பொருள் தொலைந்தால் அதே மாதிரி இன்னொன்று வாங்கலாம். ஒரு ஆள் போனால் அவருக்குள் இருந்த நினைவுகள், பயங்கள், யாரிடமோ சொல்ல வைத்திருந்த வார்த்தை எல்லாம் சேர்ந்து போகிறது, மாற்று கிடையாது. மறுபிறவியோ சொர்க்கமோ இல்லை என்று நினைக்கிற எனக்கு இந்த ஒரு வாழ்க்கைதான் எல்லாம். அதனால் அது இன்னும் பெரிதாகத்தான் தெரிகிறது. அம்மா அதே பெரியவரைப் பார்த்து, "அவரும் கடவுளோட பிள்ளைதானே" என்றார். காரணம் வேறு. ஆனால் மறுநாள் அவருடைய தொங்கிய கையை எடுத்து உள்ளே வைத்தது நான்.

ஒன்பதாம் இரவு, விடியப்போகும் நேரத்தில் அந்தப் பெரியவர் இறந்துபோனார். டாக்டர் வந்து பார்த்து, எழுதிவிட்டுப் போனார். அக்கா திரையை இழுத்துவிட்டார். தண்ணீரில் துணியைப் பிழியும் சத்தம் கேட்டது. அப்புறம் அவர் குரல்: "ஐயா, முகம் துடைக்கிறேன்."