ஸ்குவாலீன், ஸ்குவாலேன்: ஆய்வகத்தில் வரும் சந்தேகங்கள்

கேள்வி: க்ரீம் டப்பாவில் இரண்டு பெயரும் மாறி மாறி வருகிறது. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ஸ்குவாலீன் என்பது சுறா ஈரலிலும் ஆலிவ் எண்ணெயிலும் இருக்கும் ஓர் எண்ணெய்ப் பொருள். அதில் 30 கார்பன், 50 ஹைட்ரஜன், ஆறு இரட்டைப் பிணைப்புகள். ஹைட்ரஜன் ஏற்றி அந்த ஆறையும் நிரப்பினால் ஸ்குவாலேன். வாங்கும்போது சி.ஏ.எஸ். எண்ணை (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள பதிவு எண்) பாருங்கள்: ஸ்குவாலீன் 111-02-4, ஸ்குவாலேன் 111-01-3.

கேள்வி: ஆலிவ் எண்ணெயில் ஸ்குவாலீனை கேஸ் குரோமட்டோகிராபியில் (ஆவியாக்கிப் பிரித்து அளக்கும் முறை) அளக்கிறேன். எண்ணெயே சேர்க்காத பிளாங்கிலும் பீக் வருகிறது, ஏன்?

பதில்: முதலில் உங்கள் விரலைச் சந்தேகப்படுங்கள். மனிதத் தோல் சுரக்கும் எண்ணெயில் ஏறத்தாழ 12 சதவீதம் ஸ்குவாலீன்தான். வயல் (மாதிரிக் குப்பி) மூடி, செப்டம் (மூடியின் ரப்பர் அடைப்பு), பிப்பெட் நுனி எதையும் வெறுங்கையால் தொடக்கூடாது. கையுறை போட்டுக்கொண்டு முகத்தைத் தொட்டாலும் அதே கதிதான். கண்ணாடிப் பாத்திரங்களை ஹெக்சேன் ஊற்றி அலசிவிட்டு பிளாங்கை மறுபடி ஓட்டுங்கள்.

இன்டர்னல் ஸ்டாண்டர்டாக (ஒப்பிட்டு அளக்கத் தெரிந்த அளவில் சேர்க்கும் பொருள்) ஸ்குவாலேன் போடலாம்; கருவியின் சாதாரண பிரிப்புக் குழாயில் அது முன்னால் வரும், ஸ்குவாலீன் பின்னால். எண்ணெயை எடை போட்ட உடனே, எண்ணெயைச் சோப்பாக்கக் காரம் சேர்ப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். பிரித்தெடுத்த பிறகு போட்டால் வழியில் போன இழப்பு கணக்கில் வராது. ஹெக்சேன் சேர்த்துப் பலமாகக் குலுக்கினால் சோப்பு நுரைத்து இரண்டு அடுக்கும் பிரியாமல் நிற்கும். மெதுவாகச் சுழற்றினால் போதும். நின்றுவிட்டால் கொஞ்சம் எத்தனால் விடுங்கள்.

கேள்வி: செல் கல்ச்சரில் கொடுக்க ஸ்குவாலீனை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்தேன், கலங்கிவிட்டது.

பதில்: அது கரையவே இல்லை. மீடியத்தில் விட்டால் மேலே மிதக்கும், பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். நோட்டில் எழுதிய செறிவு செல்லுக்குப் போய்ச் சேராது. எமல்ஷனாக்குவதே (நீரில் நுண்துளிகளாகப் பரப்புவதே) வழி. இத்தாலியில் 1997-ல் அனுமதி பெற்ற ஃப்ளூ தடுப்பூசியின் துணைமருந்தான எம்.எஃப்.59-ஐ மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்: ஸ்குவாலீன் 4.3 சதவீதம், பாலிசார்பேட் 80 அரை சதவீதம், சார்பிட்டான் ட்ரைஓலியேட் அரை சதவீதம், மீதி சிட்ரேட் பஃபர். துளி அளவு சுமார் 160 நானோமீட்டர். அதற்கு உயர் அழுத்த ஹோமோஜெனைசர் வேண்டும். சோனிக்கேட்டரில் துளிகள் பெரிதும் சிறிதுமாக வரும். 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், உறைந்தால் துளிகள் உடைந்து எண்ணெய் பிரிந்துவிடும். ஸ்குவாலீன் இல்லாமல் சர்ஃபாக்டன்ட் (துளிகளைப் பிரித்து நிறுத்தும் பாலிசார்பேட், சார்பிட்டான் பொருட்கள்) மட்டும் போட்ட கன்ட்ரோல் கட்டாயம். செல்லைக் கெடுத்தது சர்ஃபாக்டன்டாகவே இருக்கலாம்.

கேள்வி: பழைய ஸ்குவாலீன் பாட்டில் ஒன்று இருக்கிறது, பயன்படுத்தலாமா?

பதில்: பெராக்சைடு (ஆக்சிஜன் ஏறிக் கெட்டதில் உண்டாகும் பொருள்) அளவு பார்க்காமல் வேண்டாம். அந்த ஆறு இரட்டைப் பிணைப்புகளும் ஆக்சிஜனுக்கு இலகுவான இரை. ஸ்குவாலீன் பெராக்சைடு தோலில் முகப்பரு முளை கிளப்பும் பொருள். புதிதாக வாங்கியதைச் சின்ன அம்பர் வயல்களில் பிரித்து, ஆர்கான் நிரப்பி, -20 டிகிரியில் வையுங்கள். ஸ்குவாலேனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: வந்த சரக்கு சுறா ஈரலா, தாவரமா என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: கார்பன் ஐசோடோப்பு விகிதத்தில் (கார்பன்-13 எவ்வளவு என்பது, ஆயிரத்துக்கு இத்தனை என்ற கணக்கில்) தெரியும்: சுறா ஏறத்தாழ -20, ஆலிவ் -28 பக்கம். கரும்பு வழி வந்த ஸ்குவாலேன் ஆலிவுக்கு நேரெதிர்ப் பக்கம், சுறாவைவிடக் கனமாக (கார்பன்-13 கூடுதலாக) நிற்கும். ஆக, கரும்பையும் ஆலிவையும் கலந்து விற்றால் எண் சுறாவைப் போலவே காட்டக்கூடும்.